நுரை அடங்காத தண்ணீரோடு வெள்ளகோவிலுக்கு ஒரு நாள்

பல்லடத்திலிருந்து வெள்ளகோவில் வரை பஸ்ஸிலேயே போய்வர ஒரு நாள் போதுமா, வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று போன மாதப் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். போதும். அந்த வழியில் நான் பல தடவை போயிருக்கிறேன். ஆனால் உட்கார்ந்து எழுதலாம் என்று தோன்றுவது ஒரே ஒரு பயணத்தைப் பற்றித்தான். 1997 ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை. போனது பஸ்ஸில், திரும்பியது தண்ணீர் லாரியில். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, ஒரு கையெழுத்து வாங்கப் போனேன். கீழே வரும் நேரமும் கட்டணமும் அப்போது நான் எழுதிய டைரியில் இருப்பவை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் சோமனூர். அப்பா அடுத்தவர் கொட்டகையில் விசைத்தறி ஓட்டினார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். பி.எஸ்சி. வேதியியல் முடித்து, பல்லடத்துக்குக் கிழக்கே காங்கேயம் ரோட்டில் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. யாராவது நேராகப் பார்த்துப் பேசினால் தரையைப் பார்ப்பேன். ஆய்வறையில் தனியாக இருக்கும் வேலை என்பதால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்தது.

கம்பெனியின் பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை. வெல்டிங் மெஷினுக்குப் போகிற டையோடு என்ற மின் பாகம் செய்தார்கள். நாணயம் அளவு சிலிக்கான் வில்லைகளை அமிலக் கலவையில் முக்கி அரித்தெடுப்பது அதில் ஒரு கட்டம். அமிலம் வில்லையின் மேல் முத்து முத்தாக நிற்காமல் ஒரே சீராகப் பரவினால்தான் அரிப்பு சரியாக வரும். அதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு திரவம் வரும். ஒரு தொட்டிக்குச் சில சொட்டுப் போதும். ஃபுளூரின் சேர்ந்த ஏதோ ஒன்று என்பது தவிர அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் அதைச் 'சோப்பு' என்போம்.

கழுவிய தண்ணீரெல்லாம் பின்புறத் தொட்டிக்குப் போகும். அதில் சுண்ணாம்பு கொட்டுவோம். அமிலத்திலிருந்து வந்த ஃபுளூரைடு சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளை வண்டலாக அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். அதில் ஒரு சிவப்புச் சாயக் கரைசலைச் சேர்த்து, சாயம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பது என் வேலை. வெளுக்காவிட்டால் ஃபுளூரைடு இல்லை என்று பொருள். தினமும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

எங்கள் பக்கத்தில் சாயப்பட்டறைத் தண்ணீரைப் பார்த்துப் பழகிய யாரும் கெட்ட தண்ணீரை நிறத்தை வைத்துத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான். எங்கள் தொட்டியில் நிறமே இல்லை. அதனால் எங்களுடையது சுத்தமான கம்பெனி என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மட்டும் கம்பெனித் தண்ணீர் எதுவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தொட்டி நிறைந்துகொண்டே வந்தது.

வழி கண்டுபிடித்தவர் துரைசாமி அண்ணன். கோடையில் வெள்ளகோவில் பக்கம் முருங்கைத் தோட்டங்களுக்கு லாரியில் தண்ணீர் ஓட்டுபவர். ராமாத்தாள் என்று ஒரு தோட்டக்காரர் இருக்கிறார், செடி காய்கிறது, இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார் என்றார். மேனேஜர் ஒரு சம்மதக் கடிதம் டைப் அடித்தார். பின்னால் என் பரிசோதனை அறிக்கையை இணைத்தார். "அங்க இருக்கறது பொம்பளைங்க. நீ போயி வாங்கிட்டு வந்துரும்மா, சாந்தாமணி. மத்தியானத்துக்கு மேல லோடு வந்துரும்" என்றார். தலையை ஆட்டினேன்.

காலை 6.10க்குச் சோமனூரில் பல்லடம் பஸ். பதினாறு கிலோமீட்டர், மூன்று ரூபாய். இருபக்கமும் தறிச்சத்தம் கேட்கும். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். சாமளாபுரம் குளம் வந்ததும் சத்தம் நின்று காற்று குளிரும். ஜன்னல் சீட் பிடிப்பதானால் குளம் வருகிற பக்கம் எது என்று கேட்டுப் பிடியுங்கள். அந்த ஏப்ரலிலும் குளத்தில் கொஞ்சம் தண்ணீரும் நிறையக் கொக்கும் இருந்தன. பல்லடத்தில் 6.55. பஸ் மாறி, 7.30க்குக் கம்பெனி. அங்கே கடிதத்தையும் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் எங்கள் தொட்டித் தண்ணீர், தெளிவைக் காட்டுவதற்கு. இன்னொன்று காலி, அவர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்து வருவதற்கு.

8.35க்குக் கரூர் போகிற தனியார் பஸ். கம்பெனி வாசலிலிருந்து வெள்ளகோவில் நாற்பது கிலோமீட்டர், ஏழு ரூபாய். உட்கார இடம் இல்லை. இஞ்சின் பக்கத்தில் பாட்டில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கண்டக்டர் பையை எட்டிப் பார்த்தார். "ஏனுங் அம்மணி, பாட்டல்ல என்னுங்க? சாராயம்னா எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்க."

"தண்ணிங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தண்ணிங்கறீங்க, நொரை தள்ளுது? சோடாவாட்ட இருக்குதுங்க!"

பக்கத்தில் வெற்றிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்தார். "உடுப்பா, பொண்ணு மொகம் செவந்துபோச்சு. இக்கட்டால வா கண்ணு, ஒண்டி உக்காந்துக்கலாம்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

உட்கார்ந்ததும் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். கண்டக்டர் சொன்னது சரிதான். கழுத்து வரை நுரை. நுண்ணிய, வெள்ளையான நுரை. ஆய்வறையில் இதைக் கவனித்ததில்லை, அங்கே யாரும் இந்தத் தண்ணீரைக் குலுக்குவதில்லை. காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் வண்டி பன்னிரண்டு நிமிடம் நின்றது. மடியில் அசையாமல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடமும் நுரை அப்படியே நின்றது.

என் கைப்பையில் அந்தச் சோப்புத் திரவத்தோடு வந்த விளம்பரத் தாள் இருந்தது. பள்ளியில் நான் படித்தது தமிழ்வழி. ஆங்கிலம் பழகுவதற்காகக் கம்பெனிக்கு வருகிற தாள்களை வாங்கி, அகராதியோடு படிக்கிற வழக்கம் இருந்தது. அந்தத் தாளில் பாதி வார்த்தைகளுக்குப் பென்சிலில் பொருள் எழுதியிருந்தேன். காங்கேயத்தைத் தாண்டி அதை மறுபடி படித்தேன். கொதிக்கிற அமிலத்திலும் கெடாது, காரத்திலும் கெடாது, எத்தனை நாள் தொட்டியில் கிடந்தாலும் சிதையாது. கரியும் ஃபுளூரினும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன. அதுதான் அவர்கள் பொருளின் பெருமை. முதல் தடவை படித்தபோது எனக்கும் நல்ல பொருள் என்றுதான் பட்டது.

இப்போது வேறு கேள்வி வந்தது. கண்ணாடியையே தின்கிற அமிலம் இதை ஒன்றும் செய்யவில்லையென்றால், நாங்கள் கொட்டுகிற சுண்ணாம்பு என்ன செய்யும்? சுண்ணாம்பு பிடிப்பது தண்ணீரில் தனியாகத் திரிகிற ஃபுளூரைடை. என் சிவப்புச் சாயமும் அதை மட்டும்தான் பார்க்கும். கரியோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஃபுளூரின் இரண்டின் கண்ணிலும் படாது. அப்படியானால் தினமும் நான் எழுதுகிற 'சரி' எதற்குச் சரி?

இந்த நுரை தரை கழுவுகிற சாதாரணச் சோப்பினுடையதாகக்கூட இருக்கலாம் என்று உடனே தேற்றிக்கொண்டேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா என்று யோசித்தபடியே போனதில் வெள்ளகோவில் வந்தது தெரியவில்லை. வெற்றிலை அம்மாள்தான் தட்டி எழுப்புவது போல, "எறங்கு கண்ணு" என்றார். மணி 9.50.

வெள்ளகோவிலில் இறங்கியதும் முதலில் தெரிவது வெயில். ஒரு டீக்கடையில் வழி கேட்டு, மூலனூர் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர் (ஒரு ரூபாய்), அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். இந்த நடை நன்றாக இருக்கும், தவறவிடாதீர்கள். வண்டித்தடத்தின் இருபுறமும் கிளுவை வேலி. வேலிக்குள் உழாத மேய்ச்சல் நிலம், அதைக் கொரங்காடு என்பார்கள். காய்ந்து பழுத்த புல், ஆங்காங்கே வெள்வேல மரம், மரத்தடியில் காங்கேயம் மாடுகள். பசேலென்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தக் காய்ந்த நிலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு படல் கதவு, ஒவ்வொரு படலும் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். திறந்தால் திரும்பக் கட்டிவிட்டுப் போங்கள்.

ராமாத்தாள் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வீட்டுக்காரர் காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை; தோட்டம் முழுக்க அக்காவின் பொறுப்பு. முன்னூறு முருங்கை. பாதிச் செடி இலை மஞ்சளாகிக் காய் சுருண்டு நின்றது. அக்கா கிணற்று மேட்டில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான்கைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"கம்பெனிப் பொண்ணா? துரைசாமி சொல்லிச்சு. வா, வா. இப்புடி வெயில்ல நடந்தா வந்த? மொதல்ல ஒரு சொம்பு குடி" என்று சொம்பை நீட்டினார்.

குடித்தேன். சில்லென்று, இனிப்பாக இருந்தது. அந்தப் பக்கத்தில் போர் போட்டால் வருவதெல்லாம் உப்புத் தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு இது ஒன்றுதான் என்றும், பக்கத்துத் தோட்டங்களும் கீழ்த் தெருவும் குடிக்க எடுப்பது இதில்தான் என்றும் குடத்தோடு நின்ற பெண்களில் ஒருவர் சொன்னார். எட்டிப் பார்த்தேன். எண்பதடி ஆழத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

"லாரித் தண்ணியச் செடிக்கு எப்புடிங்க விடுவீங்க?" என்று கேட்டேன். பையில் கேள்விகள் எழுதிய தாள் இருந்தது. அதில் முதல் கேள்வி அது.

"செடிக்கு நேராவா? நெலத்துல உட்டா மண்ணே ஒட்டுக்காக் குடிச்சுப்போடும் கண்ணு. கெணத்துல ஊத்திப்போட்டா, நானு வேணுங்கறப்ப மோட்டார்ல எடுத்துச் செடி செடியா உட்டுக்குவேன். எல்லாத் தோட்டத்துலயும் அப்புடித்தான். போன வருசமும் ஆறு லோடு இதுலதான் ஊத்துனோம்."

அந்தப் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் மேனேஜருக்கும் தெரியாது. கடிதத்தில் 'முருங்கைச் செடிகளுக்கு' என்றுதான் இருந்தது. செடிக்கு வாங்குகிற தண்ணீரை அங்கே முதலில் கிணற்றில்தான் கொட்டுகிறார்கள், நிலத்தில் தண்ணீர் நிற்பதற்கு வேறு இடம் இல்லை. போன வருடம் கொட்டியது வேறு கிணற்றுத் தண்ணீர், அதனால் ஒன்றுமில்லை.

"எங்க, உங்க தண்ணியக் காட்டு" என்று அக்கா என் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்தார். "அட, எங்க தண்ணியவிடத் தெளிவா இருக்குதே!" என்றார். மூடியைத் திருகிச் சொம்பில் கொஞ்சம் ஊற்றினார். நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா என்று அந்த ஊரில் நாக்கில் விட்டுத்தான் பார்ப்பார்கள். சொம்பு வாய்க்குப் போனது.

நான் சொம்பைப் பிடித்துவிட்டேன். பெரியவர் ஒருவர் கையிலிருந்து எதையும் அப்படிப் பிடித்ததில்லை. பாதித் தண்ணீர் அவர் சேலையில் கொட்டியது.

"குடிக்காதீங்க்கா!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா கோபப்படவில்லை. சேலையை உதறிக்கொண்டே கேட்டார்: "ஒரு வாய் குடிக்கக் கூடாததையா என்ற கெணத்துல ஊத்தறதுக்குக் கையெழுத்துக் கேக்க வந்த?"

தரையைப் பார்த்தேன். மெதுவாக, நடுநடுவே நிறுத்தி, பஸ்ஸில் யோசித்ததைச் சொன்னேன். நான் அளந்தது ஒன்று, அளக்காதது இன்னொன்று இதில் இருக்கலாம், அது எதிலும் கெடாதாம், கெடாதது என்றால் கிணற்றிலும் கெடாது. அது உடம்புக்கு ஏதாவது செய்யுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். இருக்கிறதா என்பதாவது தெரியுமா என்று கேட்டார். அதுவும் சரியாகத் தெரியாது என்றேன்.

"என்ன படிச்ச நீ?"

"கெமிஸ்ட்ரிங்க."

"படிச்சும் தெரியாதா?" என்றார் குடத்தோடு நின்ற ஒரு பெண். நக்கலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பஸ்ஸில் விட்டுப்போன யோசனை அப்போதுதான் தொடர்ந்து ஓடியது. பக்கத்துத் தோட்டத்து உப்புத் தண்ணீர் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண்ணே போய் ஒரு செம்பில் கொண்டுவந்தார். அதில் பாதியைத் துணிச்சோப்பைக் கரைத்த தண்ணீரிலும் மறுபாதியை எங்கள் கம்பெனித் தண்ணீரிலும் கலந்து தனித்தனியாகக் குலுக்கினேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது அந்தப் பெண்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தினமும் துணி துவைக்கிறவர்கள். சோப்புத் தண்ணீர் உடனே அடங்கித் திரிந்து போனது. எங்கள் தண்ணீரின் நுரை நின்றது. அமிலத்துக்குப் பதிலாகப் புளியைக் கரைத்து ஊற்றினோம். நின்றது. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுக் குலுக்கினோம். அப்போதும் நின்றது.

இது முழு நிரூபணம் இல்லை. சலவைத் தூள் சிலவும் உப்புத் தண்ணீரில் நுரைக்கும். அதையும் அவர்களிடம் சொன்னேன். ஆனாலும் அந்த அரைமணி நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆறேழு பெண்கள் ஒரு பாட்டிலைச் சுற்றிக் குந்தியிருந்தோம். "இன்னொருக்காக் குலுக்கு, இன்னொருக்கா" என்றார்கள். ஒருவர் சீயக்காய் போட்டுப் பார்க்கச் சொன்னார். யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

லாரி 1.20க்கு வந்தது. துரைசாமி அண்ணன் வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்துக் கிணற்று மேடு வரை கொண்டுவந்து, குழாயைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

"ஊத்த வேண்டாங்கண்ணா" என்றேன்.

"யாரு சொன்னது?"

"நானுங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க்கா, உங்க ஊட்டு விருந்தாளிக்கு வெயிலு ஏறிப்போச்சுங்களா?"

அக்கா செடிகளைப் பார்த்தார். ஒரு லாரி நிறையத் தண்ணீர் பத்தடி தூரத்தில் நின்றது. எத்தனை நாள் அதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. "கெணத்துல வேண்டாம். செடிக்கு மட்டும் நேரா உடலாமா கண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

உடலாம் என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சுலபமாக இருந்திருக்கும். செடி எதை உறிஞ்சும், காயில் எது ஏறும், மண்ணில் இறங்கினது கிணற்றுக்கு வருமா, எதுவும் எனக்குத் தெரியாது. "தெரியலீங்க்கா. உங்க கெணறு இருபதடி தள்ளித்தான் இருக்குதுங்க" என்றேன்.

அக்கா பெருமூச்சு விட்டார். "குழாயச் சுத்து துரைசாமி."

"அப்ப நான் இத எங்க கொண்டுபோயி ஊத்தறது? வர்ற வழியில ஒரு பள்ளம் இருக்குது, அங்க தொறந்து உட்டுட்டுப் போறேன். ஈ காக்கா பாக்காது."

"அந்தப் பள்ளத்துத் தண்ணி எந்தக் கெணத்துக்குப் போவுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெங்க தெரியும்?"

"இந்தப் புள்ளயும் தெரியாதுங்குது, நீயும் தெரியாதுங்கற. தெரியாதவங்க ஊத்தக் கூடாது. எடுத்த எடத்துலயே கொண்டுபோயி உடு."

அவர் வழியில் திறந்துவிட மாட்டார் என்பதற்கு என்ன நிச்சயம்? நான் கூடவே போக வேண்டும். அவ்வளவு தூரம் லாரியில், தனியாக ஒரு ஆண் டிரைவரோடு என்று நினைத்ததுமே பாட்டில் பையை மார்போடு இறுக்கிக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, ஒரு தூக்குப் போசியில் சோறு கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். "நானும் வாரேன். உங்க மேனேசரு மூஞ்சிய நானும் பாக்கோணும்."

அப்படித்தான் நாங்கள் திரும்பினோம். 2.05க்குப் புறப்பட்டோம். இந்த வழியை லாரி கேபினிலிருந்து பார்க்கிற வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். வேலிகளுக்கு மேலே கண் போகும், கொரங்காடுகள் கட்டம் கட்டமாக நீண்டு விரிந்து கிடக்கும். அக்கா நடுவில், நான் ஜன்னல் பக்கம். நிறை தண்ணீர் வண்டி பிரேக் போட்டால் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளும். ஒவ்வொரு தள்ளுக்கும் அக்கா, "பாரு, எறங்கோணும்னு துடிக்குது" என்பார். காங்கேயத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி மூன்று பேரும் சோறு சாப்பிட்டோம். துரைசாமி அண்ணன் கோபம் போய், "நாளைக்கு என்ற லாரியையும் குலுக்கிப் பாத்துச் சொல்லுங் அம்மணி, இஞ்சின் ஆயில்ல என்ன இருக்குதுன்னு" என்று கேலி செய்தார்.

கம்பெனிக்கு 4.10. லாரி நிறைந்தபடியே உள்ளே வருவதைப் பார்த்ததும் மேனேஜர் வெளியே வந்தார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் போடவில்லை.

"ரிப்போர்ட்ல நீதானம்மா 'சரி'ன்னு எழுதியிருக்க?"

"ஆமாங்க சார்."

"இப்ப சரியில்லையா?"

"அளந்தது சரிதாங்க சார். அளக்காதது ஒண்ணு இருக்குதுங்க." அறிக்கையை அவர் மேசையில் வைத்து, என் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதினேன். தனி ஃபுளூரைடு மட்டும் அளக்கப்பட்டது. சோப்புத் திரவம் அளக்கப்படவில்லை. அளக்க இங்கே வழி இல்லை.

அவர் படித்தார். "இந்த வரிய யாரு கேட்டா? இதோட இத எந்தத் தோட்டக்காரர்கிட்டயும் காட்ட முடியாதே."

"காட்டிப்போட்டே கேளுங்க" என்றார் அக்கா வாசற்படியிலிருந்து. "காட்டாமத்தான எங்கிட்டக் கேட்டீங்க? கையெழுத்தும் கெடையாது, கைநாட்டும் கெடையாதுங்க. என்ற செடி காயுது, உங்க போர்த் தண்ணி ரெண்டு லோடு குடுங்க, வாங்கிக்கறேன்."

கம்பெனிக்கே போர்த் தண்ணீர் போதவில்லை என்றார் மேனேஜர். அது உண்மைதான். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப இந்தத் தண்ணிய நான் என்னதாம்மா பண்றது? நீயே சொல்லு" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

"தெரியலைங்க சார். கெணத்துல மட்டும் வேண்டாங்க" என்றேன்.

லாரித் தண்ணீர் திரும்பவும் தொட்டிக்கே போனது. துரைசாமி அண்ணன் அக்காவைக் கடைசிப் பஸ்ஸுக்கு முன்னால் காங்கேயத்தில் இறக்கிவிட்டார். அந்தக் கோடை முழுக்கத் தொட்டி வெயிலில் கிடந்தது. வாரா வாரம் மட்டம் இறங்கியது, மற்றவர்கள் நல்லதுதான் என்றார்கள். இறங்கியது தண்ணீர் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு திங்களும் ஒரு பாட்டில் எடுத்துக் குலுக்கி, நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதினேன். அது ஏறிக்கொண்டே போனது. அறிக்கையில் அந்த வரியை மட்டும் மேனேஜர் கடைசிவரை அடிக்கச் சொல்லவில்லை. அது இருந்ததால் தண்ணீரை யாரும் வாங்கவுமில்லை. இரண்டு வருடம் கழித்து நான் வேறு வேலைக்குப் போனேன். பிறகு கம்பெனி மூடியது. தொட்டியின் அடியில் இருந்ததை யார் எங்கே எடுத்துப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது என்னை உறுத்துவது அதுதான்.

ஃபுளூரின் சேர்ந்த, எதிலும் சிதையாத இந்த வகைப் பொருள்களைப் பற்றி இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். சிப் செய்கிற பெரிய ஆலைகள் அவற்றைக் கைவிட முடியாமல் திணறுவதாகப் படிக்கிறேன். அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. அன்றைக்கு ஒரு பாட்டிலும் உப்புத் தண்ணீரும்தான் எங்களிடம் இருந்தன.

போகிறவர்களுக்கு: பல்லடத்தில் காலை ஏழு மணிக்குள் பஸ் ஏறினால் பத்துக்குள் வெள்ளகோவில். ஏப்ரல், மே வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகு போனால் கொரங்காட்டில் புல் பச்சையாக இருக்கும். கையில் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எங்காவது கிணற்று மேட்டில் லாரி பின்னால் எடுத்து நிற்பதைப் பார்த்தால், தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எங்கிருந்து வருகிறது, அதில் எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை என்று டிரைவரிடமாவது கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

ராமாத்தாள் அக்காவின் முருங்கையில் நூற்றிருபது செடி அந்த வருடம் காய்ந்து போயிற்று. கிணற்றில் இன்றும் கீழ்த் தெருவே வந்து தண்ணீர் எடுக்கிறது. நான் எப்போது போனாலும் அக்கா சொம்பை நீட்டிக்கொண்டே, குடத்தோடு நிற்பவர்களிடம் சத்தமாகச் சொல்வார்: "இந்தப் புள்ளதான். என்ற நூத்தியிருவது செடியும் காஞ்சது இவளாலதான். குடி கண்ணு, குடி."